அருள்நாயகி காரில் ஓர் ஆம்பிளைச் சப்பாத்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு ஒருவரையும் முதல் பேச்சிலே நம்பத் தெரியாது. ரொறன்ரோவில் கலியாணம் பேசுகிறவளுக்கு அந்தக் குணம் இல்லாவிட்டால் தொழிலைக் கட்டி வைத்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டியதுதான். மாப்பிள்ளை என்ஜினியர் என்பார்கள். போய்ப் பார்த்தால் கராஜில் ஓயில் மாற்றிக்கொண்டு நிற்பார். பெண்ணுக்கு இருபத்தெட்டு என்பார்கள். அவளோடு ஒரே வகுப்பில் இருந்தவளுக்குத் தலை நரைத்திருக்கும். சாதகத்தையே கிரகம் மாற்றி எழுதுவித்துக்கொண்டு வருகிற சனம் இது. மங்கையற்கரசி பூராயம் பிடுங்கப் பிறந்தவள் என்று ஸ்காபரோவில் என்னைப் பற்றிக் கதைப்பார்கள். கதைக்கட்டும். நான் விசாரியாமல் விட்ட கலியாணத்தில் ஒரு பெண்பிள்ளை நாளைக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றால், கதைக்கிறவர்களா பதில் சொல்லப் போகிறார்கள்?

அருள்நாயகியையும் நான் அப்படித்தான் சந்தேகித்தேன். தொண்ணூற்றேழாம் ஆண்டு. அவளுக்கு அப்போது முப்பத்துநாலு வயது. கொக்குவில் பிள்ளை. எண்பத்தாறில் படிக்கிற விசாவில் நோர்வேக்குப் போனவள். போன இடம் தலைநகரம் அல்ல, வரைபடத்தில் வடக்கே முடிகிற நுனி. அங்கே ஒரு விடுதிப் பள்ளியில் பாஷை படித்துவிட்டு, கடலோரத்து மீன் ஃபக்டரியில் சில வருடம் மீன் வெட்டியிருக்கிறாள். பிறகு ரொறன்ரோவில் இருந்த தமக்கை யோகராணியிடம் வந்து, வதிவிடப் பேப்பர் எடுத்து, பல்லுச் செட் செய்கிற லாப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி. விறுவிறு என்று நடப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கேட்காததற்கு வாய் திறக்க மாட்டாள். இப்படிப்பட்டவர்களைத்தான் நான் கூடுதலாகக் கவனிப்பேன்.

அவளுக்கு நான் பேசிய மாப்பிள்ளை சண்முகலிங்கம். ஒரு கொம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. ஸ்காபரோவின் கிழக்கே ரூஜ் பக்கத்தில் புது வீடு. வீட்டில் தாய் பவளம்மா மட்டும். குடி, சிகரெட் இல்லை. அதையும் நான் அவருடைய வேலையிடத்தில் ஆள் வைத்து விசாரித்துத்தான் சொல்கிறேன். சாதகம் நன்றாகப் பொருந்தியது. தை மாதத்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு பின்னேரம், மாப்பிள்ளை வீட்டார் யோகராணியின் அப்பார்ட்மென்டுக்குப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரம் சாப்பிட்டார்கள், ஊர்க் கதை கதைத்தார்கள், போனார்கள். அன்றைக்கே அருள்நாயகி என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, "எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அக்கா" என்றாள்.

"ஏன் பிடிச்சிருக்கு?" என்றேன். நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி.

"தேத்தண்ணி குடிச்ச கோப்பையை ஆரும் சொல்லாமல் தானே கொண்டுவந்து தொட்டிக்குள்ள வைச்சவர். மற்ற எல்லாரும் வைச்ச இடத்தில விட்டிட்டுப் போட்டினம்."

நல்ல காரணம். நானே கவனிக்காத காரணம். சித்திரை பிறந்ததும் மோதிரம் மாற்றுவது என்று இரு வீட்டாரும் வாய்ப்பேச்சில் முடித்துக்கொண்டார்கள். எனக்கு நிம்மதி.

அந்த நிம்மதி பங்குனி வரைக்கும்தான். ஒரு நாள் பவளம்மாவின் போன் வந்தது.

"மங்கை, உம்மட பொம்பிளை வெள்ளிக்கிழமை போனால் ஞாயிறுதான் வீட்டை வாறாவாம். தெரியுமோ உமக்கு?"

"ஆர் சொன்னது?"

"எங்கட சொந்தக்காரர் ஒராள் அந்த பில்டிங்கிலதான் இருக்கிறார். நீட்டுப் பையள் ரெண்டு, கயிறு, சவள், எல்லாம் காருக்க ஏத்துறாவாம். வரேக்கை முகம் கருகி, கண்ணைச் சுத்தி மட்டும் வெளுத்து, பேயறைஞ்ச மாதிரி வாறாவாம். ஒரு குமர்ப்பிள்ளைக்குச் சவள் என்னத்துக்கு?"

மண் கிண்டுகிற சவளும் கயிறும் எதற்கு என்று நான் யோசித்த யோசனைகளை இங்கே எழுத வெட்கம். அந்த நாட்களில் எங்கள் சனம் யாராவது வார இறுதியில் காணாமல் போனால் ஊர் மூன்று விதமாகப் பேசும். எல்லையால் ஆள் கடத்துகிறார், இரகசியமாக ஒரு குடும்பம் வைத்திருக்கிறார், அல்லது வாயால் சொல்லக்கூடாத வேறு அலுவல். பவளம்மாவின் குரலில் மூன்றும் இருந்தன.

"நான் விசாரிச்சுச் சொல்லுறன் அக்கா" என்று போனை வைத்தேன்.

அந்த ஞாயிறு பஸ் எடுத்துப் போய், யோகராணியின் பில்டிங் கார்த் தரிப்பிடத்தில் காவல் இருந்தேன். பின்னேரம்போல அருள்நாயகியின் சின்ன நீலக் கார் வந்து நின்றது. இறங்கினாள். சொன்னது மெய்தான். கறுத்துப் பளபளத்த முகம், கண்ணைச் சுற்றி மட்டும் வெளிறிய வளையம். என்னைக் கண்டு திடுக்கிடவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"எங்க பிள்ளை போட்டு வாறாய்?"

"கொலிங்வூட் பக்கம் அக்கா. ஸ்கீ செய்யப் போனனான்."

"சவள் என்னத்துக்கு?"

"பனி கிண்ட."

"கயிறு?"

"விழுந்தால் இழுக்க."

ஒவ்வொரு பதிலும் ஒற்றை வரி. டிக்கியைத் திறந்தாள். நான் தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பின்சீற்றை மடித்து நீட்டாக வைத்த ஸ்கீக் கட்டைகள் இரண்டு சோடி. அதில் ஒரு சோடி அவளுக்கு எந்த வகையிலும் பொருந்தாத நீளம். பக்கத்தில் தோல் சப்பாத்துகளும் இரண்டு சோடி. ஒன்று அவளுடையது. மற்றது ஆம்பிளைச் சப்பாத்து. மெழுகு பூசி, புதுக் கயிறு கோத்து, உள்ளே பத்திரிகைத் தாள் அடைத்து, பிள்ளையைப் படுக்க வைத்தது போலக் குளிக்கிற துவாயில் சுற்றி வைத்திருந்தாள்.

"இது ஆரின்ர சப்பாத்து?"

முதல் தடவையாக அவள் முகம் மாறியது. டிக்கியை மூடினாள். "பிறகு சொல்லுறன் அக்கா" என்றாள்.

பிறகு சொல்லுறன். இந்தத் தொழிலில் நான் ஆயிரம் தடவை கேட்ட சொல் அது. பிறகு சொல்கிறவர்கள் சொல்வது ஒருபோதும் நல்ல செய்தியாக இருந்ததில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்கு அந்தச் சப்பாத்துதான் கண்ணுக்குள் நின்றது. அதைத் துவாயில் சுற்றிய கைக்கு அந்தக் காலுக்குரியவன் மேல் அன்பு இருக்கிறது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அப்படியென்றால் பாவம் லிங்கத்தின் கதி என்ன?

பெரிய வெள்ளி லீவுக்கு அவள் கியூபெக் மலைகளுக்குப் போகிறாள் என்று யோகராணி வாய்தவறிச் சொல்லிவிட்டாள். நான் அருள்நாயகிக்கு போன் எடுத்து, "நானும் வாறன்" என்றேன். மழுப்புவாள், சாட்டுச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வாங்கோ அக்கா. காலுக்குப் போடத் தடிச்ச மேஸ் ரெண்டு சோடி கொண்டுவாங்கோ" என்றாள். இவ்வளவு சுகமாக ஓம் என்கிறாளே, என்னை எங்கே கொண்டுபோய்ப் பேய்க்காட்டி ஏமாற்றப் போகிறாளோ என்று யோசித்தபடிதான் மேஸ் கட்டினேன்.

காரில் இன்னொருத்தியும் வந்தாள். வேரோனிக்கா. அருள்நாயகியோடு லாப்பில் வேலை செய்கிற சுலோவாக்கியாக்காரி. அறுபது தாண்டியவள், கை முழுக்க நரம்பு. விடியக் கிளம்பி பொழுதுபட கியூபெக் நகரத்தையும் தாண்டி, சார்ல்வா என்கிற மலைப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் தூங்கவில்லை. அவர்கள் இருவரும் ஆங்கிலத்தில் கதைத்த பெயர்களை எல்லாம் காதில் போட்டுக்கொண்டே வந்தேன். ஆம்பிளைப் பெயர் ஒன்றும் விழவில்லை. பின்னால் அந்த நீளக் கட்டை மட்டும் என் தோளில் இடித்துக்கொண்டே வந்தது.

தங்கிய மொட்டலின் சொந்தக்காரன் அருள்நாயகியைக் கண்டதும் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். காரை எட்டிப் பார்த்து, நீளக் கட்டையைக் காட்டி பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தான். இவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "என்னவாம்?" என்றேன். "ஒண்டுமில்லை, சும்மா" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு நான் கட்டிக்கொண்டு போன மீன் ரோல்ஸைக்கூட அவளுக்கு முதலில் நீட்டவில்லை.

அடுத்த நாள் காலை மலையடி. வெயில் எரிக்கிறது, காலுக்குக் கீழே இடுப்பளவு பனி. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவர்கள் கண்ணை மூடிப் பெரிய கறுப்புக் கண்ணாடி மாட்டியபோதுதான் அருள்நாயகியின் முகத்து வெளிறிய வளையம் எதனால் என்று விளங்கியது. அவர்கள் ஸ்கீக் கட்டையின் அடியில் ஒரு மயிர்ப்பட்டியை ஒட்டினார்கள். முன்னுக்கு வழுக்கும், பின்னுக்கு வழுக்காதாம். அதுதான் மலையேற உதவுகிறது. எனக்கு வலை பின்னிய பனிச் சப்பாத்து ஒன்றை மாட்டிவிட்டார்கள்.

பிறகு ஒரு வேலை செய்தார்கள், அது எனக்குப் பிடித்துவிட்டது. இருவர் நெஞ்சிலும் சோப்புக் கட்டி அளவில் ஒரு பெட்டி. பனி சரிந்து ஒருத்தி புதைந்தால் மற்றவளின் பெட்டி கீச்சுக் கீச்சென்று சத்தம் போட்டு இடம் காட்டுமாம். வேரோனிக்கா, தன் பெட்டி வேலை செய்கிறது என்று வாயால் சொன்னாள். அருள்நாயகி கேட்கவில்லை. அவளைத் தள்ளிப் போகவிட்டு, திரும்பி வரவிட்டு, சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாள். பிறகு அவள் இவளை அதே மாதிரிச் சோதித்தாள்.

"இத்தினை வருசப் பழக்கம், சொன்னதை நம்ப மாட்டீங்களோ?" என்றேன்.

"இதில நம்பக்கூடாது அக்கா. ஒவ்வொரு முறையும் பாக்கவேணும்."

அட, இவளும் என்னைப் போல ஒருத்திதான் என்று நினைத்தேன். ஆனாலும் சப்பாத்துக் கேள்வி சப்பாத்துக் கேள்விதான்.

பாதி மலையில் விறகு அடுப்போடு ஒரு மரக் குடில் இருந்தது. மூச்சு வாங்க அதுவரை நடந்தேன். அதற்கு மேல் என்னால் ஏலாது என்று குந்திவிட்டேன். அவர்கள் இருவரும் மேலே போனார்கள். மரங்கள் முடிந்து வெறும் வெள்ளைச் சரிவு தொடங்கும் இடம் குடிலில் இருந்து நன்றாகத் தெரிந்தது. அதற்கு மேலே உச்சி. நான் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன், அங்கே யாராவது ஆம்பிளை வந்து நிற்கிறானா என்று.

ஒருவரும் வரவில்லை. அவர்கள் சரிவின் விளிம்பில் நின்று சவளை எடுத்து ஒரு குழி கிண்டினார்கள். அருள்நாயகி குழிக்குள் இறங்கிப் பனிச் சுவரைக் கையால் தடவினாள், தட்டினாள், குனிந்து பார்த்தாள். உச்சி கைக்கெட்டும் தூரம். என்னைக் கேட்டால் ஓடிப்போய் ஏறியிருக்கலாம். அவள் ஏதோ சொன்னாள், வேரோனிக்கா தலையாட்டினாள், இருவரும் மயிர்ப்பட்டியை உரித்துப் பைக்குள் போட்டுவிட்டு, மரங்களுக்கு நடுவால் வளைந்து வளைந்து கீழே வந்துவிட்டார்கள். அவள் வந்த வடிவை நான் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழங்காலை மடித்து, ஒரு காலை முன்னுக்கு விட்டு, பனி புகையாகப் பறக்க அவள் இறங்கியபோது, பெண் பார்க்க வந்த அன்று பட்டுச் சேலையில் தட்டம் தூக்கிக்கொண்டு வந்தவள் இவள்தானா என்று இருந்தது.

"இவ்வளவு தூரம் கார் ஓடி வந்து, ஏறாமல் திரும்பினியோ?" என்றேன்.

"அடியில சீனி மாதிரி உதிருது அக்கா. மேல அடை மாதிரி இறுகி நிக்குது. வெயில் ஏற ஏற மேலடுக்கு அப்பிடியே வழுக்கும். உதுக்குள்ள போனால் போனதுதான்."

"கவலையில்லையோ?"

"கவலைதான். ஆனா உது சரியில்லை."

வேரோனிக்கா விறகு எடுக்க வெளியே போனாள். அருள்நாயகி பையில் இருந்து தோடம்பழம் எடுத்து உரித்து எனக்குப் பாதி தந்தாள். நோர்வேயில் ஈஸ்டருக்கு மலைக்குப் போகிற எல்லோரும் தோடம்பழம் கொண்டுபோவார்களாம். நான் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரே கேட்டேன்.

"பிள்ளை, நீ நல்லவள் எண்டுதான் தெரியுது. ஆனா அந்தச் சப்பாத்து ஆரின்ர எண்டு சொல்லாட்டி, நான் உனக்காகப் போய்க் கதைக்க மாட்டன்."

அவள் குனிந்தபடி தோலைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "அவரின்ரதான்" என்றாள்.

"எவரின்ர?"

"லிங்கத்தின்ர."

நான் நம்பவில்லை. "லிங்கம் உனக்குச் சப்பாத்துத் தந்தவரோ?"

"இல்லை அக்கா. நான் வாங்கினனான். இங்க கீழ ஊரில பழைய சாமான் விக்கிற கடை இருக்கு. மாசி மாசம் வந்தபோது வாங்கினனான். அவை பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கு எல்லாரும் வாசலில பூட்ஸ் கழட்டி வைச்சவை. நான் தட்டம் எடுக்க உள்ள போற சாட்டில, அவரின்ர பூட்ஸைப் புரட்டி நம்பர் பாத்தனான். ஒன்பது."

நாங்கள் எல்லோரும் அவளுடைய தலைமுடியையும் நிறத்தையும் நடையையும் அளந்துகொண்டிருந்த நேரத்தில், அவள் வாசலில் குந்தி அந்த மனுஷனின் காலை அளந்திருக்கிறாள்.

"யோகராணி அக்கா கண்டால் விசர் எண்டுவா. அதுதான் காருக்குள்ளேயே வைச்சிருக்கிறன். மோதிரம் மாத்தினாப் பிறகு அவருக்குக் காட்டுவம் எண்டு இருந்தனான்."

"எல்லாம் சரி. இவர் இந்தக் குளிருக்குள்ள வருவாரோ, வரமாட்டாரோ எண்டுகூட உனக்குத் தெரியாதே."

"தெரியாது. ஆனா கேக்கலாம்தானே." பிறகு, கேட்காததற்கு வாய் திறக்காத அந்தப் பிள்ளை தானாகச் சொன்னாள். "நோர்வேயில ஃபக்டரிச் சனம் என்னைத் தனிய விடக்கூடாது எண்டு கூட்டிக்கொண்டு போனவை. நல்ல சனம். ரெண்டு மாசம் இருட்டுக்குள்ள கிடந்திட்டு, வெயில் வந்த உடன எல்லாரும் குடும்பம் குடும்பமா மேல போவினம். மேல நிண்டு பாக்கேக்கை, பக்கத்தில ஒருத்தருக்குத் தமிழில ஒரு சொல்லுச் சொல்லவேணும் போல இருக்கும். ஒருத்தரும் இருக்க மாட்டினம். பத்து வருசமா அப்பிடித்தான் அக்கா. எனக்கு வீடும் நகையும் வேண்டாம். உது ஒண்டுதான் ஆசை."

என் கண் கலங்கியதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கலங்கிய கண்ணோடு தொழில் பார்க்கக்கூடாது. கீழே இறங்கியதும் அந்தப் பழைய சாமான் கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். அருள்நாயகி மொழிபெயர்த்தால் நம்ப முடியாது என்று, பிரெஞ்சு தெரிந்த வேரோனிக்காவை வைத்துக் கேட்டேன். கடைக்காரி சப்பாத்தின் உள்நாக்கைப் புரட்டிக் காட்டினாள். மையால் மார்செல் என்று எழுதியிருந்தது. அந்த ஊர் மரத்தச்சர். முழங்கால் தேய்ந்து மலைக்குப் போவதை விட்டவர். அவருடைய மனைவிதான் கொண்டுவந்து விற்றாளாம். கட்டையும் அவருடையதுதான். அந்த மொட்டல்காரன் அவருடைய தம்பி, கட்டையை அடையாளம் கண்டுதான் சிரித்திருக்கிறான். எல்லாம் பொருந்தியது. இனி இதில் கிண்ட ஒன்றும் இல்லை என்று நான் சொல்கிற இடம் மிகக் குறைவு. இந்த இடத்தில் சொன்னேன்.

திரும்பி வந்த கையோடு ரூஜுக்குப் போய்ப் பவளம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"பொம்பிளை பாக்க வந்த இடத்தில சப்பாத்தைப் புரட்டிப் பாத்தவளோ?" என்றார். "இவ்வளவு நுணுக்கமானவள் எங்களை வித்துப்போட்டு வந்து தேத்தண்ணி தருவள்."

"ஆசையில செய்தது அக்கா."

"ஆசையெண்டால் ஷேர்ட் வாங்குவினம். ஆரோ போட்ட சப்பாத்தை வாங்குவினமோ?"

லிங்கம் மேசைக் கரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்து என்னை பஸ்ஸுக்கு ஏற்றிவிடும்போது மட்டும், "அக்கா, நான் அதை ஒருக்காப் பாக்கலாமோ?" என்றார். முகத்தில் சின்னப் பிள்ளைக் குறுகுறுப்பு. இவர் பிழையில்லாத மனுஷன் என்று நினைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை யோகராணியின் பில்டிங்குக்கு வந்தார். நானும் நின்றேன். தெருவோரப் பனியெல்லாம் கரைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அருள்நாயகி டிக்கியைத் திறந்து துவாயை விரித்தாள். அவர் டிக்கி விளிம்பில் இருந்து சப்பாத்தைப் போட்டார். அவள் முழந்தாளிட்டுக் கயிறு இழுத்துக் கட்டினாள். அளவென்றால் அப்படி ஒரு அளவு. எழுந்து நின்று, குதிக்காலை உயர்த்திப் பார்த்து, முன்னும் பின்னும் நடந்தார். சிரித்தார். "விழுந்தால் தூக்குவீரோ?" என்று அவளைக் கேட்டார். அவள், "தூக்காமல்?" என்றாள். எனக்கு அந்த இடத்திலேயே தாலி கட்டிவிடலாம் போல இருந்தது.

கழற்றும்போதுதான் உள்நாக்கைப் பார்த்தார்.

"ஆர் இந்த மார்செல்?"

அவள் சொன்னாள். நானும் கடைக்குப் போய் விசாரித்ததைச் சொன்னேன். வேரோனிக்காவை வைத்து விசாரித்ததையும் சொன்னேன். "நீங்கள் சொல்லுறியள் எண்டால் சரி அக்கா" என்றார். சப்பாத்தைத் துவாயில் வைத்துவிட்டு, தன் பூட்ஸை மாட்டிக்கொண்டே, அவளைப் பாராமல் கேட்டார்.

"நோர்வேயிலயும் இப்பிடி மலைக்குப் போறனீரோ?"

"ஓம்."

"தனியவோ?"

"இல்லை. ஃபக்டரிச் சனத்தோட."

"ஆம்பிளையளும் வாறவையோ?"

"ஓம். எல்லாரும் வருவினம்."

"ராத்திரித் தங்கிறதோ?"

"ஓம். குடிலில."

தலையை ஆட்டினார். வெயில் நல்லாய் இருக்கிறது என்றோ என்னவோ சொன்னார். போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவரிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் எடுத்தால் பவளம்மா, அவன் வேலை என்றார். அருள்நாயகி ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் எனக்கு போன் எடுப்பாள். "ஏதும் சொன்னவரோ அக்கா?" என்பாள். இல்லை என்பேன். "நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ? பொய் சொல்லியிருக்க வேணுமோ?" என்று ஒரு நாள் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்க எனக்கு லிங்கத்தின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் ஓம் சொன்னவளை இப்படிக் காய விடுகிறாரே என்று.

வருடம் பிறந்து, மோதிரம் மாற்ற வைத்த நாளும் போன பிறகு, லிங்கமே எனக்கு போன் எடுத்தார். குரல் தெளிவாக இருந்தது. நன்றாக யோசித்து முடிவெடுத்தவரின் குரல்.

"அக்கா, நான் அம்மாவோட கதைச்சு முடிச்சிட்டன். எனக்குச் சம்மதம்."

"நல்லது தம்பி."

"மலைக்கும் அவ போகலாம். நானும் கூடப் போவன். அந்தச் சப்பாத்தையே போடுறன், புதுசு வேண்டாம். அங்க நோர்வேயில என்ன நடந்திருந்தாலும் இனி நான் ஒருநாளும் கேக்க மாட்டன். அவ பயப்பிடத் தேவையில்லை. எல்லாத்தையும் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லிவிடுங்கோ."

என்னத்தைத் தம்பி மன்னித்தனீர் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. இத்தனை வருடம் கலியாணம் பேசியவளுக்கு ஒன்று தெரியும். இதைவிட நல்ல சொல்லோடு வருகிற மாப்பிள்ளை எங்கள் சனத்தில் சுகமாகக் கிடைக்காது. பெண் முப்பத்துநாலைத் தாண்டுகிறாள். கேட்ட துணை கிடைக்கிறது, மலையும் கிடைக்கிறது.

நேரே அவளிடம் போனேன். யோகராணி வேலைக்குப் போயிருந்தாள். லிங்கம் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். நானும் கூடப் போவன் என்ற இடத்தில் அவள் முகம் மலர்ந்ததை என் கண்ணால் கண்டேன். அந்த முகத்தோடுதான் மிச்சத்தையும் கேட்டாள்.

"மன்னிச்சிட்டாராமோ?"

"ஓம் பிள்ளை."

"எதை அக்கா?"

"ஆம்பிளையள் உப்பிடித்தான்" என்றேன். "ஏதோ நினைச்சுக்கொண்டு, ஏதோ மன்னிச்சிருக்கிறார். உனக்கு அதால என்ன குறை? ஓம் எண்டு சொல்லு. சீவிக்கச் சீவிக்கச் சரிவரும்."

அவள் அழுதாள். கையால் மறைக்காமல், முகத்தைத் திருப்பாமல், எனக்கு முன்னால் இருந்து அழுதாள். அவருக்காக எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பதை அன்றைக்குத்தான் முழுதாக அறிந்தேன். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"சந்தேகப்பட்டு நேரே கேட்டிருந்தால், நான் நூறு தரமும் பதில் சொல்லியிருப்பன் அக்கா. நீங்களும் கேட்டனீங்கள்தானே. இவர் என்ன நடந்தது எண்டு கேக்காமலே மன்னிச்சிட்டார். இனி நான் ஒண்டும் செய்யேல்லை எண்டு ஆரிட்டச் சொல்லுறது? மேல போய் நிண்டு நான் ஒரு சொல்லுச் சொன்னாலும், அவர் என்னை மன்னிச்சுக்கொண்டெல்லோ நிப்பார்."

"அப்ப?"

"எனக்கு வேண்டாம் எண்டு சொல்லுங்கோ."

நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதையே சொன்னாள். அவளுடைய போனிலேயே லிங்கத்தின் வீட்டு நம்பரைச் சுழற்றினேன். அவரே எடுத்தார். பெண் வேண்டாம் என்கிறாள் என்றேன். ஏன் என்று கேட்டார். அவள் சொன்னதை அவள் சொன்ன சொல்லிலேயே சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. பின்னால் பவளம்மா, "என்னவாம்? என்னவாம் தம்பி?" என்று கேட்பது எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் தாய்க்கும் பதில் சொல்லவில்லை.